தினமும் பையில் வைக்க ஒரு மடக்குக் கத்தி

11 மார்ச் 2023, காலை (கேள்வி)

அண்ணா, நான் தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் வேலை. பெட்டி பிரிக்கவும் பட்டை அறுக்கவும் எந்நேரமும் பக்கத்து ஆளிடம் கத்தி கேட்டுக் கேட்டு எனக்கே வெட்கமாகிவிட்டது. சொந்தமாக ஒரு மடக்குக் கத்தி வாங்கலாம் என்று போனால் 100 ராண்டுக்கும் இருக்கிறது, 8,000 ராண்டுக்கும் இருக்கிறது. பெரிதாக வாங்கினால் எல்லாவற்றுக்கும் உதவும் என்று கூட இருப்பவர்கள் சொல்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது?

11 மார்ச் 2023, இரவு

பெரிது வேண்டாம் தம்பி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் இதே துறைமுகத்தில் கப்பல்களுக்குச் சாமான் ஏற்றும் வேலையில் 14 வருடமாக இருக்கிறேன். உன் கேள்வியைப் படித்துவிட்டு, இந்த வாரம் நான் கத்தியை எதற்கெல்லாம் எடுத்தேன் என்று உட்கார்ந்து யோசித்தேன். அட்டைப்பெட்டியின் டேப் கிழிக்க, அது கணக்கில்லாத தடவை. பிளாஸ்டிக் பட்டை, நைலான் கயிறு, கேபிள் டை. மதியம் ஆப்பிளும் மாங்காயும். கூட வேலை செய்கிறவர் கொண்டுவந்த பில்டாங், அதாவது இந்த ஊர் உப்புக்கண்டம், அதைச் சீவ. சட்டையில் தொங்கிய ஒரு நூல். அவ்வளவுதான். இதில் ஒன்றுக்காவது 7, 8 சென்டிமீட்டருக்கு மேல் அலகு தேவைப்படவில்லை. பெரிய கத்தி வாங்கினவர்கள் பத்து நாள் வைத்திருப்பார்கள், பிறகு தொடையில் இடிக்கிறது, குனிந்தால் குத்துகிறது என்று வீட்டு டிராயரில் போட்டுவிடுவார்கள். வீட்டில் கிடக்கிற கத்தி வேலைக்கு உதவாது.

வாய் பல் பல்லாக இருக்கிற கத்தியும் வேண்டாம். புதிதில் கயிறை நன்றாக அறுக்கும், ஆனால் மழுங்கினால் வீட்டில் இருக்கிற சாணைக்கல்லில் தீட்ட முடியாது, அந்தப் பள்ளங்களுக்கென்று உருண்டைக் கம்பி தனியாக வேண்டும்.

என் யோசனை: பிரெஞ்சு ஓபினெல், 8ஆம் எண், கார்பன் இரும்பு. அலகு 8.5 செ.மீ., கனமே தெரியாது, முதுகிலிருந்து வாய் வரை மெலிந்துகொண்டே வருவதால் பழம் நறுக்கும்போது பிளக்காது, அறுக்கும். 1890இலிருந்து பிரான்ஸின் சவோய் மலைப்பக்கத்தில் செய்கிறார்கள். விலையும் உன் கைக்கு எட்டும்.

12 மார்ச் 2023

ஒன்று விட்டுப்போனது: பூட்டு. பூட்டு இருக்கிற கத்தியாகவே வாங்கு. ஏன் என்று நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.

15 மார்ச் 2023

சரி, பூட்டு விஷயம்.

எனக்கு வலது ஆள்காட்டி விரலின் உள்பக்கம், நடு மூட்டுக்குக் கீழே, அரை அங்குல நீளத்துக்கு ஒரு தழும்பு இருக்கிறது. இங்கே வந்த இரண்டாம் வருடம். பிளாஸ்டிக் டிரம் ஒன்றில் ஓட்டை போட வேண்டும், துளைக்கும் மெஷினை எடுத்து வர இரண்டு மாடி ஏற வேண்டும், கையில் கத்தி இருக்கிறது. அது பூட்டு இல்லாத கத்தி, முதுகில் இருக்கும் ஸ்பிரிங் ஒன்றுதான் அலகைத் திறந்தபடி நிறுத்தும். முனையை வைத்து அழுத்தித் திருகினேன். முனை இறங்கவில்லை, கை மட்டும் இறங்கியது, அலகு மடங்கி விரலின் மேல் மூடிக்கொண்டது. வலி அப்போது தெரியவில்லை. டிரம்மின் நீல மூடியில் சொட்டுச் சொட்டாக விழுவதைப் பார்த்துத்தான் புரிந்தது. நான்கு தையல். மழைக்காலத்தில் அந்த இடம் இன்னும் விறைக்கும்.

பூட்டில் பல வகை உண்டு. ஓபினெலில் கழுத்தில் ஒரு வளையம், கத்தியைத் திறந்து அதைத் திருப்பினால் அலகு மடங்காது. 1955இல் வந்த ஏற்பாடு. 2000க்குப் பிறகு வந்தவற்றில் மூடிய நிலையிலும் பூட்டலாம், பையில் தானாகத் திறக்குமோ என்ற பயமில்லை. முதுகில் கொண்டி உள்ள கத்திகள் பழைய வகை, முதுகை அமுக்கினால் விடும். பிடிக்குள் இருக்கும் தகடு வளைந்து அலகின் அடியில் போய் முட்டுக்கொடுப்பது இன்னொரு வகை, ஒரே கையால் திறந்து மூடலாம். ஏணியில் நிற்கிறவனுக்கு அது பெரிய உதவி, ஆனால் மூடும்போது கட்டைவிரல் அலகின் பாதையில் இருக்கிறது என்பதை மறக்கக்கூடாது.

2 ஏப்ரல் 2023

ஓகாப்பி வாங்கலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். உள்ளூர்க் கத்தி, விலை மலிவு, எல்லாக் கடையிலும் தொங்குகிறது. நியாயமான கேள்வி.

கதை இதுதான். 1902இல் ஜெர்மனியில், தங்கள் ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளில் விற்பதற்காகச் செய்த கத்தி. காங்கோக் காட்டில் ஒட்டகச்சிவிங்கியின் உறவாக ஒரு மிருகம் இருக்கிறதே, அதன் பெயரைத்தான் வைத்தார்கள். 1988இலிருந்து தென்னாப்பிரிக்காவிலேயே செய்கிறார்கள். மரப்பிடி, அதில் பதித்த பிறையும் நட்சத்திரங்களும், முதுகில் ஒரு சின்ன வளையம். திறக்கும்போது கடக் கடக் என்று பல் பல்லாக ஏறி நிற்கும், மூட வேண்டுமானால் வளையத்தைத் தூக்க வேண்டும். கரும்புத் தோட்டத்திலும் மாட்டுப்பட்டியிலும் மூன்று தலைமுறை இந்தக் கத்தியை வைத்துப் பிழைத்திருக்கிறது. இரும்பு மிருதுவானது, எந்தக் கல்லில் இழுத்தாலும் கூர் ஏறும். வேலைக்கு நல்ல கத்தி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அந்தக் கடக் கடக் சத்தத்துக்கு இந்த ஊரில் வேறொரு அர்த்தமும் இருக்கிறது. எங்களோடு வேலை செய்யும் ஜூலு நண்பர் ஒருவர், என்னைவிட மூத்தவர், நான் ஒருநாள் அதை வாங்கி வந்து காட்டியபோது கையில் வாங்கிப் பார்த்தார், அலகைக் கட்டைவிரலால் தடவினார், "நல்ல கத்தி, என் அப்பாவிடமும் இதுதான் இருந்தது" என்றார். பிறகு மூடி என் கையில் வைத்து என் விரல்களையும் மடக்கிவிட்டு, "டாக்ஸி ஸ்டாண்டில் மட்டும் இதைத் திறக்காதே" என்றார். அடிதடிக்காரர்களின் கத்தி என்று அதற்கு ஒரு பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. கத்தி செய்த தப்பு இல்லை. ஆனாலும் வாரிக் மார்க்கெட் கூட்டத்தில் ஆப்பிள் நறுக்க அதை எடுத்தால் பக்கத்தில் நிற்கிற அம்மா பிள்ளையை இழுத்துக்கொண்டு நகர்ந்து போவார். நான் பார்த்திருக்கிறேன். என் ஓகாப்பி வீட்டுத் தோட்டத்தில் இருக்கிறது, கறிவேப்பிலைக் கிளை வெட்ட.

3 ஏப்ரல் 2023

சட்டத்தையும் கேட்டிருக்கிறீர்கள். 2013ஆம் ஆண்டின் ஆபத்தான ஆயுதங்கள் சட்டம். அதில் இத்தனை அங்குலம் வரை சரி, அதற்கு மேல் தப்பு என்று அளவு எதுவும் போடவில்லை. சட்டவிரோதமாகப் பயன்படுத்தப் போகிறார் என்று நியாயமாகச் சந்தேகிக்கிற சூழ்நிலையில் வைத்திருந்தால்தான் குற்றம். எந்த இடம், எந்த நேரம், நீ எப்படி நடந்துகொண்டாய், கத்தியை எப்படி வைத்திருந்தாய், என்ன விளக்கம் சொன்னாய், எல்லாவற்றையும் பார்ப்பார்கள். குற்றம் என்று ஆனால் அபராதம் அல்லது மூன்று வருடம் வரை சிறை. முறையான வேலைக்காக வைத்திருப்பதற்கு விலக்கு உண்டு, மதச் சடங்குக்கும் விளையாட்டுக்கும் உண்டு.

ஆக, வேலைநாளில் வேலை உடுப்போடு பையில் ஒரு சின்னக் கத்தி இருப்பது வேறு, சனிக்கிழமை ராத்திரி ஆட்டம் பார்க்கப் போகிற இடத்தில் அதே கத்தி இருப்பது வேறு. இரண்டாவதுக்குப் போகும்போது வீட்டில் வைத்துவிட்டுப் போ. ஊருக்கு விமானம் ஏறும்போது கைப்பையில் இல்லை என்று இரண்டு தடவை பார்த்துக்கொள்.

19 ஏப்ரல் 2023

கத்தியைக் கால்சட்டைப் பையின் விளிம்பில் மாட்டி வைக்கிற கிளிப் வேண்டுமா என்ற கேள்விக்கு: எனக்கு வேண்டாம். பையின் விளிம்பில் கத்தியின் தலை வெளியே தெரியும், நான் முந்தாநாள் சொன்ன அம்மாவுக்கு அது ஒன்றே போதும். (முந்தாநாள் இல்லை, இரண்டாம் தேதி எழுதியது.) பையின் அடியில் கிடக்கட்டும். ஆனால் சாவியோடு சேர்த்துப் போடாதே.

9 ஜூலை 2023

மார்ச்சில் சொன்னதை இன்று மாற்றிச் சொல்கிறேன். அதைப் படித்து யாராவது ஏற்கெனவே வாங்கியிருந்தால் மன்னிக்கவும்.

மத்தி மீன் வருகிற பருவம் இது. தெற்குக் கரையோரமாகக் கூட்டம் கூட்டமாக ஏறி வரும், வலைக்காரர்கள் கரைக்கு இழுக்கும்போது ஊரே வாளியோடு ஓடும். நானும் வீட்டுக்கார அங்கிளும் போயிருந்தோம். அவர் இங்கே ஐந்தாம் தலைமுறை, தமிழ் பேச வராது, ஆனால் வீட்டில் விளக்கேற்றாமல் வெளியே கிளம்ப மாட்டார். அவருக்குத் தூண்டில் முடிச்சு அறுத்துக் கொடுத்தேன், அப்புறம் மத்தியைக் குடல் எடுக்கவும் அதே கத்திதான். மரப்பிடி, கார்பன் இரும்பு. வீட்டுக்கு வந்து துடைத்துத்தான் வைத்தேன், ஆனால் நல்ல தண்ணீரில் கழுவவில்லை. மறுநாள் காலை திறக்கப் பார்த்தால் அசையவில்லை. ஈரத்தில் மரம் ஊதி அலகைக் கவ்விப் பிடித்திருந்தது. பிடியின் அடிப்பாகத்தை மேசை விளிம்பில் ஓங்கித் தட்டினால் அலகு கொஞ்சம் வெளியே நழுவும், சவோய்க்காரர்களின் பழைய உபாயம் அது, அதைச் செய்துதான் திறந்தேன். திறந்தால் அலகு முழுக்கச் செம்மண் புள்ளி. அதில் மூன்று புள்ளி குழியாகவே இறங்கிவிட்டது, தேய்த்தும் போகவில்லை.

டர்பன் காற்றே ஈரமும் உப்பும்தான். துறைமுகத்தில் வேலை செய்கிறவன் கார்பன் இரும்பு வைத்துக்கொள்ளலாம், ஆனால் தினமும் ராத்திரி கவனிக்க வேண்டும். முதல் கத்தி வாங்குகிறவனுக்கு நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஸ்டெயின்லெஸ் வாங்கு. ஓபினெலிலேயே அதுவும் இருக்கிறது, 12சி27 என்ற சுவீடன் இரும்பு, குரோமியம் 13 சதவீதத்துக்கு மேல் கலந்தது. குரோமியம் காற்றோடு சேர்ந்து மேலே ஒரு மெல்லிய தோல் மாதிரிப் படிந்துகொள்கிறது, துரு உள்ளே இறங்காமல் அதுதான் தடுக்கிறது. துருவே பிடிக்காது என்று நினைத்துவிடாதே, கடல் தண்ணீரில் அதையும் போட்டு வைத்தால் புள்ளி வரும். ஆனால் ஒரு ராத்திரி மறதியைப் பொறுத்துக்கொள்ளும்.

10 ஜூலை 2023

கார்பன் இரும்புக்காரர்கள் இரண்டு பேர் கோபமாக எழுதியிருக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கார்பன் அலகில் வருகிற எல்லா நிறமும் துரு இல்லை. புதிதாகத் துடைத்த அலகால் ஒரு புளிப்பு மாங்காயை நறுக்கி, துடைக்காமல் அப்படியே வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சாறு பட்ட இடத்தில் முதலில் ஒரு மஞ்சள் சாயல், பிறகு மயில் கழுத்து நீலம், கொஞ்ச நேரத்தில் சாம்பல். அது துடைத்தாலும் போகாது. அந்தச் சாம்பல் படிவு வந்த அலகு செந்துருவுக்கு அவ்வளவு சீக்கிரம் இடம் கொடுக்காது. என் அம்மாச்சியின் அரிவாள்மணை முழுக்க அந்த நிறம்தான், நாற்பது வருடப் புளியும் வாழைப்பூவும் ஏறிய நிறம், வெள்ளி மாதிரிப் பளபளத்து நான் பார்த்ததே இல்லை.

ஆனால் அம்மாச்சி அதைக் கழுவி, துடைத்து, அடுப்புக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டுத்தான் படுப்பார். அந்தப் பழக்கம் உள்ளவர்கள் கார்பன் வாங்குங்கள்.

28 ஆகஸ்ட் 2023

தீட்டுவது எப்படி என்று நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். இதைத்தான் நான் முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். கத்தியின் விலையைவிட இது முக்கியம், 200 ராண்டு கத்தி கூராக இருந்தால் மழுங்கிய 5,000 ராண்டு கத்தியை ஓரமாக நிறுத்திவிடும். மழுங்கின கத்திதான் கையையும் வெட்டும், ஏனென்றால் அதை அழுத்த வேண்டியிருக்கிறது.

கல் ஒன்று போதும், ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் மிருது. 20 டிகிரி என்று சொல்வார்கள், கோணமானி வைத்தா பார்க்க முடியும்? அலகைக் கல்லின் மேல் நேர்க்குத்தாக நிறுத்து, அதில் பாதி சாய், அதிலும் பாதி சாய், அதைவிடத் துளி கீழே. அந்தச் சாய்வை மணிக்கட்டு ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். கல்லிலிருந்து ஒரு மெல்லிய ஏட்டைச் சீவி எடுப்பது மாதிரி, வாய்ப்பக்கம் முன்னே போக, அடியிலிருந்து முனை வரை ஒரே இழுப்பு. ஒரே பக்கத்தையே இழுத்துக்கொண்டிரு. பத்து இழுப்புக்கு ஒருமுறை, மறுபக்கத்தில் கட்டைவிரலை முதுகிலிருந்து வாய்ப்பக்கமாக வழித்துப் பார். வாயின் குறுக்கே வழிக்க வேண்டும், நீளவாக்கில் அல்ல, அப்படிச் செய்தால் விரல் போய்விடும். வாயின் ஓரத்தில் நகம் வெட்டின பிறகு தட்டுப்படுமே, அந்த மாதிரி ஒரு பிசிறு தட்டும். அடி முதல் முனை வரை தட்டும் வரைக்கும் பக்கத்தை மாற்றாதே. பெரும்பாலானவர்கள் தோற்பது இங்கேதான், பிசிறு வருவதற்குள் சலித்து மாற்றிவிடுகிறார்கள். வந்த பிறகு மறுபக்கம் இழு, பிசிறு இந்தப் பக்கம் வரும். பிறகு மிருதுவான பக்கத்தில் இங்கொன்று அங்கொன்றாக மெதுவாக, கத்தியின் கனம் மட்டும் விழுகிற அளவுக்கு. கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் முதுகு முன்னே போக இருபது தடவை.

சோதனைக்கு நான் கையில் இருக்கும் மயிரைச் சிரைத்துப் பார்ப்பதில்லை. பழுத்த தக்காளியின் மேல் அலகை வைத்து, அழுத்தாமல் இழுப்பேன். தோல் கத்தியைப் பிடிக்க வேண்டும். வழுக்கினால் இன்னும் வேலை பாக்கி.

5 அக்டோபர் 2023

கேள்விக்குச் சம்பந்தம் கொஞ்சம் குறைவுதான், ஆனால் டர்பனில் இருக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசை. அந்த 8,000 ராண்டுக்கும் மேலே போகிற உலகத்தில், மடக்குக் கத்திக்காரர்கள் பெரிதும் மதிக்கிற ஒன்றின் பெயர் செபென்சா. ஜூலு மொழியில் வேலை என்று அர்த்தம், நான் கிடங்கில் நாள் பூராவும் கேட்கிற சொல். அதைச் செய்த கிறிஸ் ரீவ் இதே டர்பனில் கத்தி செய்ய ஆரம்பித்தவர், 1989இல் அமெரிக்காவின் ஐடஹோவுக்குப் போய்விட்டார். பிடியின் ஒரு பக்கத் தகட்டையே கீறி, அதையே பூட்டாக வளைய வைத்தார். தனியாக ஒரு தகடு தேவையில்லை. இன்றைக்கு உலகத்தில் எத்தனையோ கம்பெனிகள் அந்த ஏற்பாட்டில்தான் பூட்டுச் செய்கின்றன.

ஒரு வாடிக்கையாளர் வைத்திருந்ததை ஒருமுறை என் கையில் கொடுத்தார். திறந்து மூடினேன். வங்கி லாக்கர் கதவு மூடுகிற மாதிரி ஒரு நிதானம். திருப்பிக் கொடுக்க மனமே வரவில்லை. ஆனாலும் அதை வைத்து டேப் கிழிக்க எனக்குக் கை வராது, கயிறோடு கடலில் விழுந்தால் ஒரு மாதச் சம்பளம் போச்சு. கடலில் விழுந்தாலும் மறுநாள் போய் வாங்கிவிடலாம் என்கிற விலையில்தான் வேலைக் கத்தி இருக்க வேண்டும்.

6 அக்டோபர் 2023

விக்டோரினாக்ஸ் பற்றி நான் பேசவே இல்லை என்று ஒருவர் குறைப்பட்டிருக்கிறார். சரியான குறை. சுவிஸ் கத்தி, 1884இல் தொடங்கிய பட்டறை, 1891இலிருந்து அந்த நாட்டு ராணுவத்துக்குக் கொடுக்கிறார்கள். அலுமினியப் பிடி போட்ட கேடட் என்கிற மாடல் மடக்கினால் 84 மில்லிமீட்டர், சட்டைப்பையில் இருப்பதே தெரியாது, திருப்புளியும் டின் திறப்பானும் நக அரமும் கூட உண்டு. இரும்பு மிருது, ஐந்து நிமிடத்தில் கூர் ஏறும், அதே மாதிரி சீக்கிரம் மழுங்கவும் செய்யும். அலுவலகத்தில் வேலை என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன், பிடியில் இருக்கிற அந்தச் சுவிஸ் சிலுவையைப் பார்த்து உலகத்தில் யாரும் மிரண்டதில்லை.

அதில் பூட்டு இல்லை. மார்ச்சில் பூட்டு இல்லாமல் வாங்காதே என்று எழுதிய அதே ஆள்தான் இதையும் எழுதுகிறேன், அதனால் அந்தப் பேச்சைக் கொஞ்சம் திருத்த வேண்டும். பூட்டு இருந்தால் தைரியம் வருகிறது, தைரியம் வந்தால் குத்துகிறோம், நெம்புகிறோம். பூட்டுக்குள் பஞ்சும் மணலும் சேர்ந்தால் அது பாதியில்தான் நிற்கும், பூட்டிவிட்டது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். என் விரல் போனது பூட்டு இல்லாததால் என்று இத்தனை வருடம் சொல்லிவந்தேன். யோசித்தால், துளைக்கிற மெஷின் செய்ய வேண்டியதைக் கத்தியைச் செய்யச் சொன்னதால் போனது. கயிறும் பட்டையும் அறுக்கிற உனக்கு இன்னும் பூட்டுத்தான் நல்லது என்பேன். ஆனால் முனையால் எதையும் துளைக்காதே, பூட்டு இருந்தாலும்.

29 ஜனவரி 2024

காவடி முடிந்து இன்றுதான் உட்கார நேரம் கிடைத்தது.

கேள்வி கேட்ட தம்பியை அங்கே கோவில் வாசலில் நேரில் பார்த்தேன். எலுமிச்சம்பழம் கூடை கூடையாக அறுத்துக்கொண்டிருந்தார்கள், பெண்கள் பக்கத்தில் ஒரு ஆன்ட்டியின் கத்தி மழுங்கிப்போய், பழம் அறுபடாமல் நசுங்கிச் சாறாக ஓடிக்கொண்டிருந்தது. தம்பி பையிலிருந்து ஒரு கத்தியை எடுத்து, திறந்து, வளையத்தைத் திருப்பிப் பூட்டிவிட்டு, பிடி அவர் பக்கமாக இருக்கும்படி நீட்டினான். ஓபினெல், 7ஆம் எண், ஸ்டெயின்லெஸ். அந்த ஆன்ட்டி ஒரு நிமிடம்கூடத் தயங்கவில்லை, வாங்கி அறுக்க ஆரம்பித்துவிட்டார். கிட்டத்தட்ட முந்நூறு பழம் இருக்கும். எலுமிச்சைப் புளிப்புக்கு என் கார்பன் அலகு கறுத்திருக்கும், இது கழுவியதும் அப்படியே இருந்தது.

வாங்கிப் பார்த்தேன். முனைப்பக்கம் நன்றாகத் தீட்டியிருக்கிறான், அடிப்பக்கம் ஒரு சுண்டுவிரல் அகலத்துக்குக் கல் படவே இல்லை, புதிதில் எல்லோருக்கும் அப்படித்தான் விடுபடும். மடங்குகிற இடம் இறுக்கமாக இருந்தது. வீட்டுக்கு வரச்சொல்லி, நன்றாகக் காயவைத்து, மருந்துக்கடையில் விற்கிற லிக்விட் பாரஃபின் ஒரு சொட்டு விட்டு இருபது தடவை திறந்து மூடினோம். தேங்காயெண்ணெய் விட வேண்டாம், நாளாவட்டத்தில் சிக்குப் பிடிக்கும், பழம் நறுக்கினால் காறல் வாடையும் வரும். அடிப்பக்கத்தைத் தீட்ட அடுத்த ஞாயிறு கல்லை நனைத்து வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.